ஹால்ஸ்டாட்: ஒரே நாள், கால்நடையாக. எதை முதலில் பார்ப்பது, எதை விடுவது?

தறிமணி:
ஜூன் கடைசியில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஐந்து பேர்: நாங்கள் இருவர், எட்டு வயதுப் பையன், ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறிவிடுவார், இறங்குவதுதான் சிரமம். முதல் நாள் இரவு சால்ஸ்பர்க்கில் தங்கல். கார் இல்லை. தேடினால் எல்லோரும் ஏரிக்கரையில் எடுத்த அதே ஒரு படத்தைப் போட்டு "சொர்க்கம்" என்று முடித்துவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம் வேண்டும், எந்த வரிசையில் நடப்பது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சைவச் சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை.

வியன்னா வாசு:
ஊர் எப்படிக் கிடக்கிறது என்பது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஏரி 508 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் மலை நெட்டுக்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடைத்த கொஞ்சூண்டு இடத்தில்தான் பழைய ஊர். ரயில் பாதை 1877இல் எதிரே கிழக்குக் கரையில் வந்தது. அதனால் ஹால்ஸ்டாட் நிலையத்தில் இறங்கினால் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் தெரியும். படகில்தான் போக வேண்டும்.

ஊருக்கு இரண்டு முனை. வடக்கே சந்தைச் சதுக்கமும் கோயில்களும் உள்ள பழைய பகுதி, மார்க்ட். ரயில் படகு அங்கேதான் ஒதுங்கும். தெற்கே லான். பஸ் நிறுத்தம், மலை ஏறும் விஞ்ச், மளிகைக் கடை எல்லாம் அங்கே. இரண்டுக்கும் நடுவே ஏரியோரமாகப் பதினைந்து நிமிட நடை. (விஞ்ச் என்றால் பழனியில் இருக்கிறதே, அதே சங்கதி.)

சால்ஸ்பர்க்கிலிருந்து இரண்டு வழி. ஒன்று, ரயிலில் அட்நாங்-புக்ஹைம் போய், அங்கே தெற்கே போகும் கிளைப்பாதை வண்டிக்கு மாறுவது. மொத்தம் இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம். இன்னொன்று, 150ஆம் எண் பஸ்ஸில் பாட் இஷ்ல் போய், அங்கிருந்து அதே கிளைப்பாதை ரயிலைப் பிடிப்பது. பெரியவர்களோடு போவதால் ரயிலே நல்லது, வண்டியில் கழிப்பறை உண்டு. அட்நாங்கில் ஏறியதும் இடது பக்கம் உட்காருங்கள்; எபென்சே வரை டிரவுன் ஏரி இடது ஜன்னலில் வரும். ஸ்டேக் தாண்டியதும் வலது பக்கம் மாறிவிடுங்கள், ஹால்ஸ்டாட் ஏரி அந்தப் பக்கம்.

ரயில் டிக்கெட்டில் படகு சேராது. படகிலேயே தனியாக வாங்க வேண்டும், கையில் சில்லறைக் காசு இருக்கட்டும். ஐந்து பேருக்குப் பிராந்திய ரயில்களில் மட்டும் செல்லும் "ஐன்ஃபாஹ் ரவ்ஸ்" குழு டிக்கெட் இருக்கிறது, இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஒரே சீட்டு. ஆனால் வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. அதை நம்பினால் ஹால்ஸ்டாட் சேரவே மதியமாகிவிடும். சனி, ஞாயிறென்றால் அந்தத் தடை இல்லை. வார நாள் என்றால் போகும்போது சாதாரண டிக்கெட், வரும்போது குழு டிக்கெட் என்று பிரித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாடோடி_77:
இதுக்கு எதுக்குங்க இவ்வளவு? ரெண்டு மணி நேரம் போதும். 7,000 வருஷமா இடைவிடாம உப்பு வெட்டுற ஊர், போட்டோ பாயின்ட், சதுக்கம், ஒரு ஐஸ்கிரீம், முடிஞ்சுது. படகு ராத்திரி வரைக்கும் ஓடுது, கவலையே வேண்டாம்.

வியன்னா வாசு:
படகு ராத்திரி வரை ஓடாது. ரயில் நேரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும், அதற்குப் பிறகும் எதிர்க்கரையில் ரயில் வரும், போகும், படகுதான் இருக்காது. இங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். அன்றைய படகு நேரத்தைத் துறையில் ஒட்டியிருக்கும் தாளிலிருந்து இறங்கியதுமே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் லானிலிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ அடுத்த ரயில் நிலையமான ஓபர்டிரவுனுக்குப் போக வேண்டியதுதான். நடந்தால் ஐந்து கிலோமீட்டருக்குள், ஆனால் இருட்டில் குழந்தையோடு வேண்டாம்.

உப்புச்சட்டி:
நாடோடி ஐயா, "இடைவிடாமல்" என்பதும் சரியில்லை. அங்கே கிடைத்த, மான்கொம்பால் செய்த கொத்துக் கருவி சுமார் 7,000 ஆண்டுப் பழசு என்பது உண்மை. ஆனால் சுரங்க வேலை நடுவில் அறுபட்டிருக்கிறது. வெண்கலக் காலச் சுரங்கங்களை மலைச்சரிவு மூடியது. பிறகு இரும்புக் காலத்தில் வேறு பக்கம் தோண்டினார்கள், கி.மு. நான்காம் நூற்றாண்டு வாக்கில் அதையும் சரிவு மூடியது. மேலே நடக்கும்போது அந்தப் பள்ளத்தாக்கின் கரடுமுரடான புல்மேட்டைப் பார்த்தால் மண் எப்படி வழிந்து வந்தது என்று கண்ணுக்கே தெரியும்.

தறிமணிக்கு என் பரிந்துரை நேரடியானது: ஆறு மணி நேரம் இருந்தால் அதில் மூன்றை மேலே, உப்புச் சுரங்க மலையில் செலவழியுங்கள். கீழே இருக்கும் வீடு, கோயில், சதுக்கம் எல்லாமே மேலே இருந்த உப்பால் வந்தவை. ஹாலைன், பாட் ரைஷென்ஹால், ஹால்ஸ்டாட் என்று அந்த வட்டாரத்தில் பெயரில் "ஹால்" வரும் ஊரெல்லாம் உப்பூர்கள். நம் ஊரில் உப்பு நெய்தலில் விளைந்து உமணர் வண்டியில் மலைக்கு ஏறியது. அங்கே தலைகீழ்: மலைக்குள்ளிருந்து இறங்கியது.

விஞ்சில் ஏறினால் சில நிமிடத்தில் ஊருக்கு 350 மீட்டர் மேலே நிற்பீர்கள். இறங்கியதும் ருடால்ஃப் கோபுரம். 13ஆம் நூற்றாண்டில் சுரங்கத்தைக் காக்கக் கட்டியது, 1954 வரை சுரங்க அதிகாரியின் குடியிருப்பு. பக்கத்திலேயே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பார்வை மேடை. ஊர் முழுக்கக் கூரையாகத் தெரியும். அங்கிருந்து சுரங்க வாசலுக்குப் பதினைந்து நிமிட ஏற்ற நடை, வழி நெடுகப் பழைய இடுகாடு.

அந்த இடுகாட்டில் நிற்காமல் போகாதீர்கள். 1846இல் சுரங்க அதிகாரி யோஹான் கேயோர்க் ராம்சவர் சரளை தோண்டப் போய் எலும்புக்கூட்டில் கொத்து பட்டது. 1863 வரை தோண்டி சுமார் 980 புதைகுழிகளைத் திறந்தார். ஒவ்வொரு குழியிலும் உடல் எந்தத் திசையில், கைப்பக்கம் எந்தப் பாத்திரம், எந்த வாள் என்று நீர்வண்ணப் படமாக வரைந்து வைக்கச் செய்தார். தோண்டியதைக் கடைக்குப் போடுவதே வழக்கமாயிருந்த காலத்தில் இது சாதாரணம் இல்லை. பால்டிக் கடற்கரை அம்பர், யானைத் தந்தப் பிடி போட்ட வாள் எல்லாம் இந்த மலையிடுக்கில் கிடைத்தன. கி.மு. 800 முதல் 450 வரையான ஐரோப்பிய இரும்புக் காலத்துக்கே இந்த ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள்.

கொங்கு நடையன்:
மேலே போவது சரி. ஆனால் முதல் வேலையாக மேலே போகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஊர் மேற்குக் கரையில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் காலையில் மட்டும்தான் வீடுகளின் முகத்தில் விழும். மதியத்துக்கு மேல் சூரியன் முதுகு மலைக்குப் பின்னால் போய்விடும். வீடு நிழலில், ஏரி பளபளவென்று. பிறகு போனைத் திட்டிப் பயனில்லை.

படகிலிருந்து இறங்கியதும் வலது கைப்பக்கம், அதாவது வடக்கே, ஏரியோரச் சந்தில் ஐந்தாறு நிமிடம் நடந்தால் அந்த "ஒரே படம்" எடுக்கும் இடம். திரும்பிப் பார்த்தால் ஊசிக் கோபுரத்தோடு ஊர். அந்தச் சந்து முழுக்கக் குடியிருப்பு. 2023 மே மாதம் அங்கே மரத்தட்டி வைத்து மறைத்தார்கள். கூச்சல் எழுந்ததும் சில நாளில் எடுத்துவிட்டார்கள். சுமார் 750 பேர் வாழும் ஊருக்கு உச்ச நாட்களில் 10,000 பேர் வரை வருகிறார்கள் என்றால் தட்டி வைத்தவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பையனைக் கத்த விடாதீர்கள், வாசற்படியில் உட்காராதீர்கள், ட்ரோன் கூடவே கூடாது.

திரும்பும்போது வந்த வழியிலேயே போகாமல் படி ஏறி மேல் சந்தைப் பிடியுங்கள். 1890 வரை கரையோரத்தில் வண்டிப் பாதையே கிடையாது. பாறையை வெடி வைத்து உடைத்த பிறகுதான் இப்போதைய ஏரித் தெரு. அதற்கு முன் வெளியூர் போக்குவரத்து படகில். ஊருக்குள் நடமாட்டம் இந்த மேல் சந்தில். சில இடங்களில் சந்து வீட்டுப் பரணுக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தது. இன்றும் பல வீடுகளுக்கு ஏரிப்பக்கம் கீழ்த்தளத்தில் ஒரு வாசல், மலைப்பக்கம் மேல்மாடியில் ஒரு வாசல். 1966இல் மலைக்குள் சுரங்கச்சாலை வந்த பிறகுதான் கார்கள் ஊரை விட்டு விலகின.

நடக்கும்போது சுவரைப் பாருங்கள். வீட்டுச் சுவரோடு சப்பையாகப் படரவிட்ட பேரி மரங்கள். அடிமரம் முழங்கை மொத்தம், கிளைகளை இரண்டு பக்கமும் மரச்சட்டத்தில் விரித்துக் கட்டி, ஜன்னல் வரும் இடத்தில் மட்டும் ஒதுக்கி, கூரை வரை ஏற்றியிருப்பார்கள். தோட்டத்துக்கு நிலம் இல்லை. சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதால் காயும் பழுக்கிறது.

உப்புச்சட்டி:
வெளிச்சம் விஷயத்தில் தோற்றேன். ஆனால் பத்தரைக்கு மேல் விஞ்ச் வரிசை நீளும் என்பதைக் கணக்கில் வையுங்கள். டிக்கெட்டை நேரம் போட்டு முன்பதிவு செய்துவிட்டுப் பிறகு படம் எடுக்கப் போனால் இருவர் சொல்வதும் நடக்கும்.

இன்னொன்று, நாள் குறிப்பதற்கு முன்பே விஞ்சும் சுரங்கமும் அந்தத் தேதியில் திறந்திருக்கின்றனவா என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். பராமரிப்பு, புதுப்பிப்பு என்று நீண்ட காலம் நிறுத்துவதும் உண்டு.

கவி_லின்ஸ்:
பெரியவர்கள் பற்றிச் சொல்கிறேன். சுரங்கச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். உள்ளே வருடம் முழுக்க 8 டிகிரி. ஜூன் வெயிலில் சேலையும் செருப்புமாக வந்தால் பதினைந்தாவது நிமிடம் பல் கிட்டும். ஸ்வெட்டர், சாக்ஸ், மூடிய ஷூ மூன்றும் கட்டாயம். உடுப்புக்கு மேல் போட ஒரு தொளதொள அங்கி தருவார்கள். சேலையோடு அதை மாட்டுவது பெரும்பாடு, அம்மாவை சுடிதாரில் வரச் சொல்லுங்கள். நான்கு வயதுக்குக் கீழ் குழந்தைகளை விட மாட்டார்கள், உங்கள் பையனுக்குப் பிரச்சினை இல்லை. அவனுக்கு நாளின் உச்சமே 64 மீட்டர் மரச் சறுக்குதான். முன்காலத்தில் தொழிலாளர்கள் கீழ்த்தளத்துக்குப் போன முறை அது. சறுக்க மாட்டேன் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே படி உண்டு. ஆனால் இறங்கும் படி, அதுதானே அம்மாவுக்கு ஆகாது. இறுக்கமான இடம் பயப்படுத்தும் என்றாலும் வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யலாம்: எல்லோரும் விஞ்சில் மேலே, பார்வை மேடை வரை ஒன்றாக. பிறகு அம்மாவும் துணைக்கு ஒருவரும் கோபுரத்து உணவகத்தில் உட்காரட்டும். மற்ற மூவர் சுரங்கம் போய் வரட்டும். நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லாதீர்கள்.

உப்புச்சட்டி:
உள்ளே இரண்டு விஷயத்தில் கண் வையுங்கள். ஒன்று, 2003இல் கிடைத்த மரப்படிக்கட்டு. அதற்கு வெட்டிய மரங்கள் கி.மு. 1344, 1343இல் வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையத்தை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மீட்டருக்கு மேல் அகலம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஏறலாம். பலகைகளைப் பக்கச்சட்டத்தின் காடியில் செருகியிருக்கிறார்கள். சாய்வு மாறினால் பலகையின் கோணத்தையும் மாற்றலாம். உப்பு கெடவிடாததால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் மரம் மரமாகவே இருக்கிறது. சாயம் போட்ட கம்பளித் துணி, தோல் முதுகுப்பை, வெளிச்சத்துக்குக் கொளுத்திய மரச்சிம்புகள் எல்லாம் இப்படி மிஞ்சியவையே. 1734இல் ஒரு பழங்காலத் தொழிலாளியின் உடலே உப்போடு ஒட்டிக் கிடைத்தது. அன்று அதைக் கிறிஸ்தவர் அல்லாதார் மூலையில் புதைத்துவிட்டார்கள்.

முகம் சுளிக்காதீர்கள், மலமும் மிஞ்சியிருக்கிறது. அதை ஆராய்ந்துதான் அவர்கள் பனிவரகு, வாற்கோதுமை, பீன்ஸ் போட்ட கூழ் சாப்பிட்டார்கள் என்று தெரிந்தது. 2021இல் வந்த ஆய்வில் சுமார் 2,700 ஆண்டுப் பழைய மாதிரியில் நீலப் பாலாடைக்கட்டிப் பூஞ்சையும் பீர் நுரைமமும் (ஈஸ்ட்தான்) கிடைத்தன.

இரண்டாவது, உப்பு எடுக்கும் முறை. பழங்காலத்தில் பாளமாக வெட்டினார்கள். இடைக்காலத்துக்குப் பின் பாறைக்குள் அறை குடைந்து நன்னீரை நிரப்பினார்கள். நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு, இனிக் கரையாது என்ற அளவுக்கு வந்ததும் வடிப்பார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 310 கிராம் உப்பு. பிறகு காய்ச்ச வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும். சுற்றுக் காடு தாங்கவில்லை. அதனால் விறகைச் சுமப்பதற்குப் பதில் உப்புநீரை விறகு இருக்கும் இடத்துக்கு ஓட விட்டார்கள்: 1595 முதல் 1607 வரை, எபென்சே வரை 40 கிலோமீட்டர், சுமார் 13,000 மரத்தண்டுகளை நீளவாக்கில் துளைத்துக் கோத்த குழாய். இன்றும் உப்புநீர் அதே ஊருக்குத்தான் குழாயில் போகிறது, மரக்குழாயில் இல்லை.

கொங்கு நடையன்:
அந்தக் குழாய்ப் பாதையே நல்ல நடைப்பாதை. ஹால்ஸ்டாட்டிலிருந்து வடக்கே மலைச்சரிவோடு கோசவ்ஸ்வாங் பாலம் வழியாக ஸ்டேக் வரை. ஸ்டேக்கில் ரயில் நிலையம் இருப்பதால் திரும்பி வர வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் வையுங்கள். ஆனால் கல் சரிவதால் அவ்வப்போது மூடிவிடுவார்கள். சுற்றுலா அலுவலகத்தில் கேட்காமல் கிளம்பக் கூடாது. தடுப்புப் பலகையைத் தாண்டிப் போவது வீரம் இல்லை, மேலே இருந்து வரும் கல்லுக்கு உங்களைத் தெரியாது. தறிமணி குடும்பத்துக்கு இது வேண்டாம், இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மேலிருந்து நடந்து இறங்குவது பற்றி: வளைந்து வளைந்து வரும் பாதை, இறங்க 40 நிமிடம், ஏற ஒரு மணி நேரம். வழி தெளிவு, ஆனால் சரளை. ஈரமான நாளில் தேய்ந்த ஷூ சறுக்கும். 350 மீட்டர் இறக்கம் என்றால் நூறு மாடி படியிறங்குவது மாதிரி, முழங்காலுக்குத்தான் முழு எடையும். அம்மா கண்டிப்பாக விஞ்சில். அப்பாவும் பையனும் நடக்கலாம், ஒரு ஊன்றுகோல் கொண்டுபோனால் நல்லது.

மட்டுநகரான்:
சுவிசில இருந்து காரில போறவைக்கு ரெண்டு சொல்லு. ஆஸ்திரியாவில பெருந்தெருவுக்கு வின்யெட் எண்ட சுங்கச்சீட்டு வேணும், இல்லாட்டிக் கனக்கத் தண்டம். ஜெர்மன் பக்கமிருந்து வந்தால் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் வடக்கு வெளிவழி வரைக்கும் வின்யெட் தேவையில்லை, 2019 டிசம்பரில இருந்து விலக்கு. அதில இறங்கி 158ஆம் இலக்கச் சாதாரண ரோட்டால பாட் இஷ்ல் போய், அங்கயிருந்து ஹால்ஸ்டாட் போகலாம்.

கோடையில ஒன்பது மணிக்கு முதல் போய்ச் சேராட்டில் தரிப்பிடம் நிரம்பியிடும். ஊருக்குள்ள பகலில கார் விடமாட்டினம். "சும்மா ஒருக்கால் உள்ளுக்கை ஓடிப் பாப்பம்" எண்டு போனால் திருப்பி அனுப்புவினம். காரை ஓபர்டிரவுனில விட்டுட்டு பஸ்ஸில வாறது தலையிடி இல்லாத வேலை. ஆக்களைக் கூட்டிக்கொண்டு பெரிய பஸ் பிடிச்சு வாற சங்கக்காரருக்கு: 2020இல இருந்து சுற்றுலா பஸ்ஸுக்கு முற்பதிவு நேரம் எடுக்க வேணும். எடுக்காமல் வந்தால் ஆக்களை இறக்கவே ஏலாது.

சாப்பாடு. உணவகச் சமையலறை கனக்க இடத்தில பின்னேரம் ரெண்டு மணிக்குப் பூட்டிப் பிறகு ஐந்தரைக்குத்தான் திறக்கும். நடுவில கேக்கும் கோப்பியும்தான். சைவக்காரர் "கேஸ்ஸ்பெட்ஸ்லே" கேளுங்கோ, சீஸ் போட்ட மாவுருண்டைச் சோறு மாதிரி. சில இடத்தில பன்றியிறைச்சித் துண்டு மேலே தூவிறவை, "ஓனே ஸ்பெக்" எண்டு சொல்லோணும். "கஸ்பிரெஸ்க்னோடல்" சூப்பைச் சைவம் எண்டு நம்பாதேங்கோ. உருண்டை சீஸ்தான், அது மிதக்கிற ரசம் மாட்டெலும்பு ரசம். அதே உருண்டையைச் சலாட்டோட கேட்டால் பிழையில்லை. ஞாயிறில மளிகைக் கடை பூட்டியிருக்கும் எண்டதையும் யோசியுங்கோ. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போறது எப்பவும் கெட்டித்தனம். ஆனால் சதுக்கத்துப் படியில விரிச்சுச் சாப்பிடாமல் லானில ஏரிக்கரைப் புல்வெளிக்குப் போங்கோ. தண்ணிப் போத்தல் வாங்கத் தேவையில்லை, குழாய்த் தண்ணி மலைத் தண்ணி.

தறிமணி:
புளிச்சாதம் முடிவாகிவிட்டது, நன்றி அண்ணா. மண்டையோடு வைத்திருக்கும் இடம் ஒன்று இருக்கிறதாமே? பையனைக் கூட்டிப் போகலாமா?

கவி_லின்ஸ்:
தாராளமாக. பயமுறுத்தும் இடம் இல்லை, பூ வரைந்த இடம்.

கத்தோலிக்கக் கோயில் ஊருக்கு மேலே பாறைத் திட்டில் இருக்கிறது. கூரை போட்ட படிக்கட்டில் ஏறணும். ஏற்றம் என்பதால் அம்மா மெதுவாக ஏறிவிடுவார், இறங்கும்போது கைப்பிடி உள்ள பக்கமாக வரட்டும். கோயிலைச் சுற்றி இடுகாடு, அவ்வளவுதான் இடம். குட்டிக் கூரை வைத்த மரச்சிலுவைகள். புதைத்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆனதும் அடுத்தவருக்கு இடம் விட எலும்பை எடுத்துவிடுவார்கள். மண்டையோட்டைக் கழுவி, வாரக்கணக்கில் வெளியில் வைத்து, வெயிலும் நிலவும் பட்டுத் தந்த நிறமானதும் நெற்றியில் வரைவார்கள்.

புனித மிக்கேல் சிற்றாலயத்தின் கீழ் அறையில் 1,200க்கும் மேற்பட்ட மண்டையோடுகள். அவற்றில் 610 வண்ணம் தீட்டியவை. குடும்பம் குடும்பமாக அடுக்கு. நெற்றியில் பெயர், இறந்த ஆண்டு, சுற்றி மாலை: ஐவிக் கொடி இலையும் ஓக் இலையும் ஒரு காலத்து வழக்கம், ரோஜாவும் சின்னப் பூக்களும் இன்னொரு காலத்து வழக்கம். அடியில் கை, கால் எலும்புகள் விறகு மாதிரி அடுக்கியிருக்கும். கடைசியாக வந்தது 1995இல், 1983இல் இறந்த ஒரு பெண்மணியுடையது. சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கும், தங்கப் பல்லை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இப்போது தகனம் வந்துவிட்டதால் இடநெருக்கடி இல்லை, வழக்கமும் நின்றது.

அறை சின்னது. பத்துப் பேர் ஒன்றாகப் புகுந்தால் எதுவும் தெரியாது. பஸ் கூட்டம் ஒன்று இறங்கும் வரை வெளியே நின்று ஏரியைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் காலியாகும். நுழைவுக்கு ஒன்றிரண்டு யூரோ காசு. கோயிலுக்குள் லியன்ஹார்ட் அஸ்டல் செதுக்கிய, 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சிறகுப் பலிபீடம். மரச்சிற்பம் பிடித்தவர்கள் அரை மணி நேரம் நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டு நிமிடம்.

சதுக்கத்தைப் பற்றி ஒரே வரி: 1750 செப்டம்பர் தீ அங்கிருந்த மரவீடுகளைத் தின்றுவிட்டது, இப்போது பார்க்கும் வரிசை அதற்குப் பிறகு கட்டியது. படத்தில் வரும் ஊசிக் கோபுரம் புராட்டஸ்டன்ட் கோயிலுடையது, 1860களில்தான் வந்தது. இரண்டு கோயிலில் அதுதான் புதுசு, அதற்குத்தான் இத்தனை போட்டோ.

நாடோடி_77:
சரி, ரெண்டு மணி நேரம்னு சொன்னது தப்புதான். மழை பெஞ்சா என்ன பண்றது? அதையும் சொல்லிடுங்க.

வியன்னா வாசு:
அங்கே கோடை மழை என்பது பிற்பகல் இடியோடுதான் பெரும்பாலும். காலையிலேயே விஞ்சை முடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம், இடி விழும் நேரத்தில் பார்வை மேடையில் நிற்கக் கூடாது. நாள் முழுக்க மழை என்றால் சுரங்கம், எலும்பு அறை, அருங்காட்சியகம் மூன்றும் கூரைக்கடியில். ஏரித் தெருவில் மலையேற்றச் சாமான் கடை ஒன்றின் அடித்தளத்தில் கட்டட வேலையின்போது வெளிவந்த ரோமானியர் கால மிச்சங்களைக் கண்ணாடிக்கு அப்பால் இலவசமாகப் பார்க்கலாம். மலையில் மேகம் முழுக்க மூடியிருந்தால் ஹால்ஸ்டாட்டை விட்டுவிட்டு சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்து ஹாலைன் உப்புச் சுரங்கத்துக்குப் போங்கள். ஹாலைன் வரை ரயிலில் அரை மணி நேரத்துக்குள், அங்கிருந்து பஸ். சறுக்கும் உண்டு.

கொங்கு நடையன்:
நேரம் மிஞ்சினால் லானிலிருந்து மேற்கே எஷெர்ன் பள்ளத்தாக்கு. ஊரின் சத்தம் பத்தே நிமிடத்தில் அறுந்துவிடும். தரை ஏறக்குறைய சமம், அம்மாவும் முதல் அரை மணி நேரம் வரலாம். முழுதும் போனால் ஒரு மணி நேரத்தில் வால்ட்பாக்ஸ்ட்ரூப் அருவி. கடைசிப் பகுதி மட்டும் ஏற்றம். வழியில் "பனியாற்றுத் தோட்டம்" என்று பலகை இருக்கும். பனியாறு உருகிய நீர் கற்களைச் சுழற்றிச் சுழற்றிப் பாறையில் குடைந்த குழிகள்: ஆட்டுக்கல் குழி மாதிரியே வழவழவென்று, சில ஆளுயரம். தண்ணீர் எந்தப் பக்கம் சுழன்றது என்று சுவரில் விரலை வைத்துத் தடவினால் தெரியும். ஈரப் பாறையில் பையனைத் தனியாக விடாதீர்கள்.

தறிமணி:
இப்படி வைத்திருக்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். சனிக்கிழமை, குழு டிக்கெட், காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் ரயில். ஒன்பதுக்குள் படகிறங்கல். வடக்குச் சந்தில் படம், மேல் சந்து, கோயில், எலும்பு அறை. பத்தேமுக்காலுக்குச் சதுக்கம் வழியாக லானுக்கு நடை. பதினொன்றரைக்கு விஞ்ச் முன்பதிவு. மேடை வரை எல்லோரும், பிறகு மூன்று பேர் சுரங்கம். இரண்டரைக்குக் கீழே இறங்கி ஏரிக்கரையில் புளிச்சாதம். எஷெர்ன் பள்ளத்தாக்கில் அரை மணி நேரம். ஐந்து மணிப் படகு.

கவி_லின்ஸ்:
எட்டு வயதுப் பையன் இரண்டரை வரை பசி தாங்க மாட்டான். புளிச்சாதத்தில் பாதியை விஞ்ச் ஏறுவதற்கு முன்பே லானில் கொடுத்துவிடுங்கள். மேலே உணவகத்தில் உட்கார்ந்து நம் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. அம்மாவுக்கு அங்கே சூப் சொல்லும்போது ரசம் எதில் வைத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வியன்னா வாசு:
ஐந்து மணிப் படகு என்று மொட்டையாக எழுதாதீர்கள். முதலில் ரயில் நேரம், அதற்கு முந்தைய படகு எது, லானிலிருந்து மார்க்ட் துறைக்கு அம்மா நடையில் இருபத்தைந்து நிமிடம். பின்னாலிருந்து கணக்குப் போட்டு வாருங்கள். கடைசிக்கு முந்தைய படகைப் பிடிப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.